பாதித் தாழி

மண்ணில் புதைத்திருந்த ஒயின் தாழியின் வாயை மூடிய களிமண்ணை ஜும்பர் கொத்திக்கொண்டிருந்தபோது எத்தேரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். வெளியே ஜனவரிப் பனி. அவள் புருஷன் ஒமாரி முந்தின நாள்தான் மாரடைப்பில் போயிருந்தான்.

"வேணாம் ஜும்பர். கடையில வாங்கிக்கலாம். பாதி எடுத்துட்டா மிச்சம் புளிச்சுப் போயிரும். தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். அதுக்காக? அவன் சாவு விருந்துல கடை ஒயினா? ஊரே காறித் துப்பும். இதுல பாதி அவன் பழம். தள்ளு."

அதுதான் மனுஷன் புத்தி! அந்த ஒரு தாழிதான் ஜும்பரின் வருஷ வருமானம் முழுக்க. அதற்கு முந்தின வருஷத்து விளைச்சலை ஆலங்கட்டி மழை வாரிக்கொண்டு போயிருந்தது. இதையும் விட்டால் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு போலந்துக்கு லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். ஏப்ரலில் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகத் தலைநகர் திபிலிசி வியாபாரி சொல்லியிருந்தான்.

வேலித் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காத பக்கத்துத் தோட்டக்காரன்தான் ஒமாரி. அந்த மழைக்குப் பிறகு, கூப்பிடாமலே கத்தரிக்கோலோடு வந்து நின்றான். "ஒன் கொடியப் பாக்கச் சகிக்கலடா, நவுரு." அன்று தொடங்கியது. வெட்டுவது, மருந்தடிப்பது, அறுப்பது எல்லாம் சேர்ந்தேதான். சண்டையும் ஓயவில்லை. அக்டோபரில் இருவர் பழமும் ஒரே தாழியில் இறங்கியபோது, ஒருவனில்லாமல் இன்னொருவனுக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டிருந்தது.

விருந்தில் ஊர் குடித்தது, ஒமாரியை வாயாரப் புகழ்ந்தது. தாழி பாதியாயிற்று. மிச்சத்தை மாற்றி ஊற்ற இருந்த சின்னத் தாழியும் விரிசல் விட்டது. ஜும்பர் பாதித் தாழியின் வாயிலேயே மறுபடி களிமண் பூசினான். ஒரு நப்பாசைதான்.

ஏப்ரலில் வியாபாரி ஓர் அகப்பை மொண்டு மோந்தான். "ஊறுகாய் போடு," என்றுவிட்டு வண்டியேறினான்.

எத்தேரியிடம் ஜும்பர் வேறு மாதிரி சொன்னான். "மொத்தமும் எடுத்துக்கிட்டான்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். சாவுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் மலர்ந்தது. "தோட்டம் தப்பிச்சுது போ! அவன் கல்லறைக்கு ஒரு கூஜா எடுத்து வெச்சிருப்பல்ல?"

"இல்லாம?"

ஈஸ்டர் வந்தது, ஊரே கல்லறைகளில் ஒயின் ஊற்றும் நாள். வேறு வீட்டு ஒயினை ஒமாரியின் தலைமாட்டில் ஊற்ற ஜும்பருக்கு மனசு வரவில்லை. தாழியிலிருந்தே மொண்டு போனான். சட்டென்று மண்ணில் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். சிவப்பு முட்டைகளைக் கல்லறைமேல் வைத்த எத்தேரி கிண்ணத்தை நீட்டினாள்.

"மொதல்ல எனக்கு."

ஊற்றும்போதே புளிப்பு நெடி மூக்கைத் தாக்கியது. ஜும்பருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவள் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடிவரை குடித்தாள். தொண்டை எரிந்து கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை.

"போலந்துக்கு எப்பப் பொறப்படற?"

"அடுத்த மாசம்."

அவள் காலிக் கிண்ணத்தை மறுபடி அவன் பக்கம் நீட்டினாள்.