பேனா சாயும் இடத்தில் முளைத்த கோதுமை

கையெழுத்துப் போட்ட எட்டாம் நாள் காலையில், விதை ஆய்வாளரின் வலது கையில் ஒரு கோதுமை முளைத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பேனா சாயும் இடத்தில், ஊசி மாதிரி நிமிர்ந்த ஒற்றை இலை. நுனியில் ஒரு சொட்டுப் பனி. வலி இல்லை, ரத்தமும் இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது பனி எப்படி உள்ளே வந்தது என்றுதான் மனைவி கேட்டாள். மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, வேர் மணிக்கட்டு வரை இறங்கியிருக்கிறது, பிடுங்கினால் நரம்பும் கூடவே வரும், தாடி மாதிரி நினைத்துக்கொண்டு தினமும் மழித்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து ஆய்வாளர் காலையில் முதலில் முகத்தையும் பிறகு கையையும் மழித்தார். இரண்டுக்கும் ஒரே பிளேடு. மாலைக்குள் கையில் மட்டும் மறுபடி ஒரு விரல் நீளம் வளர்ந்துவிடும்.

அவர் எல்லைச் சாவடியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தார். சாவடியின் முற்றத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அந்தப் பக்கத்திலிருந்து சான்று பெற்ற விதை லாரியில் வரும். மூட்டைக்கு மூட்டை முத்திரை, அட்டை, கூடவே அந்த நாட்டுக்காரர்கள் தரும் நோயின்மைச் சான்று. அவ்வளவு இருந்தாலும் இந்தப் பக்கத்துச் சட்டம் யாரையும் நம்பாது. லாரியை முழுக்க இறக்க வேண்டும். இருபது மூட்டைக்கு ஒரு மூட்டை வீதம், அதுவும் அடி, நடு, மேல் என்று பொறுக்கி எடுத்துக் குத்தூசியால் குத்தி, தனித்தனிப் பையில் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியைக் கழுவி, கழுவிய நீரை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் கையெழுத்து. இதில் ஆய்வாளர் எமகாதகர். மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே குத்தூசி. கொட்டும் மழையிலும் கடைசி மூட்டை தரையில் இறங்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். ஒரு முறை அமைச்சர் வீட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டிய பூச்செடியை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தார். செடி செத்துப்போனது. வேலை போகவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் வழுக்கினார். அன்று வந்த லாரியில் இருநூற்று நாற்பது மூட்டைக் கோதுமை விதை. அவருடைய அண்ணன் ஊருக்குப் போக வேண்டியது. அண்ணனையும் சேர்த்து நாற்பது குடும்பம் அந்த விதைக்குத்தான் உழுது வைத்துக்கொண்டு காத்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் அன்று பாதிப் பேர் வரவில்லை, முன்னால் ஏழு லாரி நின்றது. காலையிலிருந்து அண்ணன் நான்கு முறை போன் செய்துவிட்டார். "மண்ணுல ஈரம் காயுதுடா தம்பி. இன்னிக்கு விட்டா நாளைக்கு விதைச்சிருவோம். நீ இருக்கிற இடத்துலயே மாட்டிக்கிச்சுன்னா ஊர்ல நான் எந்த முகத்த வச்சுக்கிட்டுப் பேசுறது?" அப்பா போன பிறகு அவரைப் படிக்க வைத்தது அந்த அண்ணன்தான். ஆய்வாளர் லாரியின் பின்கதவைத் திறந்தார். கதவோரம் நின்ற முதல் மூட்டையில் குத்தூசியைச் செருகினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த ஒரு மூட்டையிலிருந்தே பன்னிரண்டு மூட்டைக்கான பைகளையும் நிரப்பினார். அந்தப் பழமொழி ஒரு பானைக்குச் சொன்னது. லாரியில் இருந்தவை இருநூற்று நாற்பது பானைகள். அது அவருக்குத் தெரியாததல்ல.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு அம்மா இருந்தார். அதிகம் பேசாதவர். பன்னிரண்டு பையையும் கழுவிப் பார்த்துவிட்டு அன்று மட்டும் வாயைத் திறந்தார். "பன்னண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கே சார். ஈரப்பதம்கூட ஒரு புள்ளி மாறல."

"நல்ல கம்பெனிம்மா," என்றார் ஆய்வாளர்.

அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதினார்: நோய் இல்லை. ஆய்வாளர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஊரில் விதைத்தார்கள். அடுத்த ஏழாம் நாள் நாற்பது குடும்பத்து நிலத்திலும் முளை கிளம்பியது, அவர் கையிலும் கிளம்பியது.

சாவடியில் அந்த முளையை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலதிகாரியின் கையில் முளைப்பதைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். தொல்லை டீயில்தான் வந்தது. டீக்கடை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேரோடு இருக்கும் எந்தச் செடியும் சான்றில்லாமல் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை முற்றத்தில் பலகையாக மாட்டியவரே அவர்தான். ஆகவே அவர் டீக்குப் போவதை விட்டார். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். லாரிகளை முன்னைவிடக் கடுமையாகக் குத்தினார், இருபதுக்கு ஒன்று என்பதைப் பத்துக்கு ஒன்று ஆக்கினார். மூட்டை தூக்குகிறவர்கள் சபித்தார்கள்.

கதிர் வந்தபோதுதான் ஊரில் விஷயம் தெரிந்தது. கரிப்பூட்டை நோய் அப்படித்தான், கதிர் வரும்வரை வாயைத் திறக்காது. பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும், மணி உருண்டு திரண்டிருக்கும், நசுக்கினால் உள்ளே மாவுக்குப் பதில் கரித்தூள், அழுகிய மீன் நாற்றம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத அந்த ஊர், ஒரு மாதம் மீன் சந்தை மாதிரி நாறியது. விளைந்ததை எல்லாம் எரித்தார்கள். மண்ணிலும் நோய் தங்கியிருக்கும் என்பதால் ஐந்து வருடத்துக்கு யாரும் கோதுமை விதைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. விவசாயிகள் சங்கத்துக் கிடங்கில் எல்லோரும் கூடினார்கள். சுவரில் தம்பி கையெழுத்துப் போட்ட சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வந்த விதையில் குறையில்லை என்று அது சொன்னது. அப்படியானால் யாராவது வீட்டு விதையைக் கலந்தீர்களா என்று தலைவர் கேட்டார். அண்ணன் எழுந்தார்.

"நான் போட்டேன். மூலையில ரெண்டு பாத்தி. மூட்டை பத்தல, வீட்டுல இருந்தத போட்டேன். தப்புதான்."

கடைசி வரிசையில் ஆய்வாளர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் இலை வளர்ந்து தையலை முட்டியது. ஒரு வாக்கியம் போதும், எழுந்து நின்று சொன்னால் முடிந்தது. அவர் எழவில்லை. வீட்டு விதை நல்ல விதை, முப்பது வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாத விதை என்பது அண்ணனைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். செய்யாத குற்றத்தை ஒருவர் எழுந்து நின்று ஒப்புக்கொள்கிறார், செய்தவர் குனிந்து செருப்பைப் பார்க்கிறார். அன்று அவருக்கு வந்த வெட்கம் பிறகு எந்த நாளும் அவரை விட்டுப் போகவில்லை.

மூன்று வருடம் போனது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வேறு பயிர் போட்டாலும் அண்ணனுக்குக் கதிரடிக்கும் இயந்திரத்தை யாரும் வாடகைக்குத் தரவில்லை, டிராக்டர்காரன் அவர் வாசலைக் கண்டால் வேகம் கூட்டினான், அண்ணி கடைக்குப் போனால் பேச்சு நின்றது. அண்ணன் இளைத்தார். தம்பி வீட்டுக்கு வந்தால் மட்டும் பழையபடி சிரித்தார். ஆய்வாளர் மனசுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்: நீதானே அண்ணா அவசரப்படுத்தினாய், உனக்காகத்தானே செய்தேன். காலையில் கையை மழிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஆயிரம் தடவை சொல்லியும் அது உண்மையாகவில்லை. மழிக்க மழிக்கத் தண்டுதான் தடித்தது, பிளேடு வாரத்துக்கு ஒன்று என்பது நாளுக்கு ஒன்று ஆனது.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வாளரின் மனைவி கொல்லையில் பத்துக் கொத்தமல்லி விதையைத் தூவச் சொல்லி அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா. என் கை சரியில்ல. இப்பல்லாம் நான் விதையே தொடுறதில்ல, உன் அக்காதான் தூவுறா." பிறகு தம்பியைப் பார்த்துச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்: "நீதான் அத்தன மூட்டையையும் குத்திப் பாத்தியே. அப்ப என் விதைதானே? சில நாள் எனக்கே சந்தேகம் வரும். உடனே போய் உன் கையெழுத்தப் பாத்துட்டு வந்துருவேன்."

மறுநாள் காலையில் ஆய்வாளர் முகத்தை மழித்தார், கையை மழிக்கவில்லை. நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்க் கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் கையை வைத்தார். "இதுக்குச் சான்று கிடையாதும்மா. எங்கேயிருந்து வந்ததுன்னு மட்டும் தெரியும். தடுப்புல வைங்க, கதிர் வந்ததும் நசுக்கிப் பாருங்க." அன்று நடந்ததையும் சொன்னார், ஒரு மூட்டை, பன்னிரண்டு பை.

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. "கதிர் வர்ற வரைக்கும் எதுக்கு சார் காத்திருக்கணும்? வாயால சொன்னாலே போதுமே."

"வாயால சொன்னா, அண்ணன காப்பாத்த தம்பி பொய் சொல்றான்னு சொல்வாங்கம்மா."

அது உண்மை. இன்னும் நான்கு மாதம் கிடைக்கிறதே என்று அவர் நெஞ்சில் ஒரு மூலை நிம்மதிப்பட்டதும் உண்மை. அந்த அம்மா இரண்டையும் கண்டுகொண்டு, புதுக் கோப்பு திறந்தார்.

வெளியிலிருந்து வந்த விதையில் சந்தேகம் இருந்தால், வலைக்கூண்டில் ஒரு பருவம் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளரையும் அப்படியே வைத்தார்கள். சாவடிக்குப் பின்னால் இரட்டைக் கதவு போட்ட கூண்டு, உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை. மனைவி மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தாள், போகும்போதும் நனைத்தாள். "வயித்துல ரெண்டு பிள்ளைய வளத்தேன், எனக்கு யாரும் கூண்டு கட்டல," என்றாள். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. முளைப்பில் ஒரு முறை, தூர் கட்டும்போது ஒரு முறை என்று பரிசோதனைக்கூடத்து அம்மா அளவுகோலோடு வந்து அவர் கையை அளந்துகொண்டு போனார். வெயிலுக்காக அவர் பகலெல்லாம் கையை வெளிச்சத்தில் நீட்டி வைத்திருந்தார். தண்டு முழங்கை உயரம் வந்தது. நான்காம் மாதம் கதிர் தள்ளியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, இது நல்ல கதிராக இருந்துவிட்டால் என்ன ஆவது என்று ஒரு நாள் அவருக்குப் பயமே வந்துவிட்டது. மணி முற்றியதும் அந்த அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினார். கரித்தூள். கூண்டு முழுக்க மீன் நாறியது. ஊர் வயலில் அன்று எடுத்து வைத்த தூளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே, வெளியிலிருந்து வந்த விதை, மாதிரி முறைப்படி எடுக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சங்கத்துக் கிடங்கில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். ஆய்வாளர் கதிரைக் கண்ணாடி உறைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார், நோய் சிந்தக் கூடாதென்று. இந்த முறை முன்வரிசையில் நின்றார். ஒரு மூட்டையைத்தான் குத்தினேன், பன்னிரண்டு என்று எழுதினேன், அண்ணன் விதையில் எந்தக் குறையும் கிடையாது, தெரிந்துகொண்டேதான் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். அவசரப்படுத்தியது யார் என்பதைச் சொல்லவில்லை. தலைவர் உறையை லேசாகத் திறந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். கை வரிசையாக நாற்பது மூக்குக்கும் போனது, கூடவே ஆய்வாளரும் போனார். கடைசியாக அண்ணனிடம் வந்தபோது அவர் முகரவில்லை. தம்பி கையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய சான்றைச் சட்டத்தோடு கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். டிராக்டர்காரன் பின்னாலேயே ஓடி, வண்டியில் ஏறச் சொல்லிக் கெஞ்சினான். அண்ணன் நடந்தே போனார்.

ஆய்வாளரின் குத்தூசியை வாங்கிக்கொண்டு அவரைப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். அன்றைய கதிரை எரித்தார்கள். அடுத்த பருவம் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. பிறகும் முளைத்தது. வருடத்தில் நான்கு மாதம் அவர் கூண்டுக்குள் உட்கார்ந்து கோப்பு பார்த்தார், கதிர் வந்தால் அந்த அம்மா வெட்டி எரித்தார். சாவடிக்கும் அது பழகிவிட்டது. அண்ணன் போன் செய்யவில்லை, வீட்டுக்கு வரவில்லை. ஐந்து வருடத் தடை முடிந்த அன்று அண்ணனே தன் கையால் விதைத்தார் என்று அண்ணிதான் மனைவியிடம் சொன்னாள். அதைக் கேட்டு ஆய்வாளர் கோப்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அந்த வருடம் ஊர் அறுவடை முடிந்த மறுநாள், அண்ணன் சாவடிக்கு வந்தார். மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்தார், இரண்டு கதவையும் முறைப்படி சாத்தினார். இடுப்பில் அரிவாள் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கையக் காட்டு."

ஆய்வாளர் காட்டினார். அண்ணன் அந்த மணிக்கட்டை, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்த மாதிரி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்டை ஒரே இழுப்பில் அறுத்தார். தகரத்தில் போட்டு எரித்து, சாம்பல் ஆறும்வரை நின்றார்.

"அந்த ஒரு நாள் எனக்காக செஞ்ச. சரி, ஈரம் காயுதுன்னு நானும்தான் சொன்னேன். ஆனா அந்த மூணு வருஷம் யாருக்காகடா?"

அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவருகே போய் மறுபடி செருப்பை நனைத்தார். "அடுத்த வருஷம் கதிர் பழுத்ததும் சொல்லி அனுப்பு. வேற யாரும் அறுக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு எல்லா வருடமும் வந்தார். சாவடியின் வலைக்கூண்டுப் பதிவேட்டில் அது இன்றும் இருக்கிறது: பயிர், கோதுமை. பரப்பு, ஒரு கை. நோய், கரிப்பூட்டை. அறுத்தவர், அண்ணன்.