பீச்சான் படர்ந்த பாறை

சாவியோ தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். கையில் ஒரு ஜவ்வு. ஆரஞ்சு நிறம், மாட்டுக் குடல் மாதிரி வழவழப்பு, உடம்பெல்லாம் ஊசிக்கண் ஓட்டைகள். ஒரு பிழி பிழிந்தான். அவன் மூஞ்சியிலேயே தண்ணீரைப் பீய்ச்சியது.

தூண்டில் வளைவின் கல்லில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹில்டா கெக்கலித்தாள். "அதுவே உன் மூஞ்சில துப்புது பாரு!"

"சிரிக்காத. இந்தப் பீச்சான் உன் ஆழிச்சிப்பி மேலதான் போர்வை கணக்கா பட்த்துகினு கீது."

சிரிப்பு நின்றது.

கடலரிப்பைத் தடுக்கத் திருவொற்றியூர் கடலில் கொட்டிய அந்தக் கற்களில் எது எந்தக் குடும்பத்துக்கு என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. பட்டா கிடையாது, ஆனால் மீறவும் முடியாது. அலை அடங்கிய உள்பக்கத்துக் கல் ஹில்டாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. அதில் விளையும் பச்சை ஆழியை விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த ஆழிகள் இப்போது ஓட்டைத் திறக்க முடியாமல் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன.

"எவ கண்ணு பட்டுச்சோ!"

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. ஹார்பர்ல எத்தினி கப்பலுக்கு அடி சுரண்டிகீறேன்! அங்க பாத்த சரக்குதான். எனுக்கு இது ஜுஜுபி."

ஞாயிறு பூசை முடிந்ததும் இறங்கினான். பக்கத்துக் கல்லுக்காரன் குணசேகரனும் கூட வந்தான்; பால்ய தோஸ்து. சுரண்டியும் கத்தியுமாக வேட்டை. கிழித்தார்கள், கொத்தினார்கள், துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரிலேயே விட்டார்கள்.

"கரைக்கு எட்த்தும்போய் கொட்லாமா மாமு?"

"லூசா நீ? திங்காதத கரை ஏத்துனா வலை காஞ்சி பூடும்னு தெரியாது? கடலோடது கடலுக்கே. மீனு துன்னட்டும்."

குப்பத்தில் பிறந்த எவனும் அதற்கு மேல் பேசமாட்டான். குணசேகரன் அடுத்த துண்டை நறுக்கினான்.

மீன் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் கல் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு எறாத் தொக்கில் பெரிய பங்கு சாவியோவின் தட்டில் விழுந்தது.

மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்தபோது ஹில்டாவின் கல்லில் பீச்சான் முன்னைவிட இருமடங்கு. குணசேகரன் கல்லிலும் தொடங்கிவிட்டது.

கடல் ஆராய்ச்சிக்காக அந்தப் பக்கம் வந்துபோகும் மதி என்ற பெண்ணைக் கூட்டி வந்து காட்டினார்கள். பார்த்தவுடன் கேட்டாள்: "இத யாராவது வெட்டினீங்களா?"

சாவியோ கல்லைப் பார்த்தான். குணசேகரன் சாவியோவைப் பார்த்தான்.

"வெட்டவே கூடாதுண்ணே. துண்டு போய் ஒட்டின இடத்துல எல்லாம் வளர்ந்துடும். கரையில கொண்டுபோய்க் காயப் போட்டிருந்தா செத்திருக்கும்."

"கய்தே! கரைக்கு எட்த்தும்போலாமான்னு கேட்டனா இல்லியா?" குணசேகரன் சாவியோவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். "வந்துட்டாரு கப்பல் டாக்டரு!"

ஹில்டா குறுக்கே பாய்ந்தாள். "அப்பால அட்ச்சிகினு சாவுங்க. இப்போ இன்னா பண்லாம், அத்த சொல்லும்மா."

மதி தயங்கினாள். "தார்ப்பாயால இறுக்கி மூடணும். உள்ள புதுத் தண்ணி போகக் கூடாது. அடியில இருக்கறதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

"ஆழியும்?" என்றாள் ஹில்டா.

"ஆழியும்தான். மத்தவங்க கல்லாவது தப்பிக்கலாம்."

"கப்பல் அடியில ஒட்டிகினுதான வந்துச்சு இது? கப்பலுக்கு எவன் தார்ப்பாய் கட்டுவான்?"

ஹில்டா துறைமுகம் இருக்கும் பக்கம் கையை நீட்டினாள்.

ஹில்டா முடியாது என்றால் அந்தக் கல்லைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. குணசேகரனும் அவன் பெண்டாட்டி பூவம்மாவும் அவள் வாயையே பார்த்து நின்றார்கள்.

"நறுக்குனது நீதான?" என்றாள் புருஷனிடம். "நீயே மூடு."

சாவியோ முங்கினான். மறுமுனைக் கயிற்றைக் குணசேகரன் பிடித்துக்கொண்டான். தார்ப்பாயின் நிழல் விழ விழ, உயிரோடிருந்த ஆழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. சாவியோ முடிச்சை இறுக்கினான்.

மேலே வந்தபோது ஹில்டா அவன் பக்கம் திரும்பவில்லை. பூவம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"உன் கல்லுல ஆழி எடுக்க கூலிக்கு ஆளு வோணுமாக்கா?"