அருளப்பனின் காது

இதெல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். வார்டின் ஜன்னல் கிழக்கே இருந்ததா மேற்கேயா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் பொய் சொல்லப்பட்ட நோயாளிகள் அங்கே சுருங்குவார்கள். அது உறுதி. அவர்களுக்கென்றே சின்னக் கட்டில்கள் இருந்தன.

நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அருளப்பன் என் பொறுப்பில் இருந்தார். வயிற்றில் புற்றுநோய். அவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். டீ கொண்டுவருபவருக்கும் தெரியும்.

அவருடைய மகன் ஜஸ்டின் என்னை வாசலில் நிறுத்தினார்.

"சிஸ்டர், அப்பாட்ட அல்சர்னே சொல்லுங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாவ."

"ஏற்கெனவே தலையணை அளவுக்கு வந்துட்டாங்க."

"பரவால்ல. சின்னதா இருந்தாலும் இருக்காவல்லா."

வகுப்புக்குப் போனேன். தாழ்வாரம் அன்று நீண்டிருந்தது. போகும் வழியில் மழைக்காலம் ஒன்று வந்து போனது.

சட்டமும் அறநெறியும் நடத்துபவர் சண்முகவடிவு மேடம். "தன் நோய் என்னன்னு தெரிஞ்சுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. எழுதிக்கோங்க" என்றார்.

"அப்ப சொல்லிரலாமா மேடம்?"

"பரீட்சையில சொல்லு. வார்டுல சொன்னே, யூனிஃபார்மைக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போ."

திரும்பி வந்தபோது அருளப்பனை, ஊசியும் பஞ்சும் வைக்கும் கிட்னி ட்ரேயில் பஞ்சு விரித்துக் கிடத்தியிருந்தார்கள்.

"எம்மா, எனக்கு அல்சர்தானா?"

அவருக்கடியில் இருந்த பஞ்சைச் சரிசெய்தேன்.

"மணப்பாட்டுல என் தங்கச்சி புஷ்பம் இருக்கா. பேச்சுவார்த்த கெடயாது. அல்சர்னா கிறிஸ்துமஸ் கழிச்சுப் போய்க்கிடுவேன். வேற எதாவதுன்னா இன்னைக்கே போணும்."

ஜஸ்டின் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு குனிந்து, "அல்சர்தாம்ப்பா" என்றார்.

அருளப்பன் என் கண்ணெதிரே விரலளவு ஆனார்.

மின்விசிறி நின்று, மறுபடி சுற்றியது.

"புற்றுநோய்ங்க ஐயா. இன்னைக்கே போங்க."

சொல் அவர் காதில் நுழையவில்லை. காது கடுகளவு ஆகியிருந்தது. சொல் ட்ரேயில் விழுந்து ணங்கென்று ஒலித்தது. எடுத்துப் பக்கவாட்டில் முயன்றேன். அப்படியும் நுழையவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா."

கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்டது. மற்றக் கட்டில்களில் உறவினர்கள் அவரவர் நோயாளியின் காதைப் பொத்தினார்கள். ஜஸ்டின், அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுபவர்போலத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அல்சர்தான?" என்றார் அருளப்பன். "சரி. கிறிஸ்துமஸ் கழியட்டும்."

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். பரீட்சையில் எனக்கு முழு மதிப்பெண். மறுநாள் யூனிஃபார்மை வாங்கிக்கொண்டார்கள். சண்முகவடிவு மேடம் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். ஜஸ்டின் ட்ரேயை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனார். அண்ணனுக்கு என்ன செய்தது என்று புஷ்பம் கேட்டிருக்கிறார். அல்சர் என்று ஜஸ்டின் சொல்லியிருக்கிறார். புஷ்பம் இப்போது தலையணை அளவு இருக்கிறார்.