தூக்குப்பாதையின் அந்தக் கோடியில் ஒரு சாவி

ரெய்னோவின் வலது தோளைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, டாக்டரம்மா சொன்ன சேதி இதுதான்: செப்டம்பரில் ஆபரேஷன். அதற்கப்புறம் தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

"எதையும்னா?"

"எதையும்தான். அப்படி என்ன தூக்கப் போறீங்க?"

"கேனோ."

"அதை மறந்துடுங்க."

கனடாவின் தண்டர் பே என்கிற அந்த ஊரில் கேனோ என்கிற ஒல்லிப் படகை ஓட்டத் தெரியாதவர்கள் உண்டு. அடுத்த கோடைக்கு ஓட்டப் போவதாகச் சொல்லாதவர்கள் கிடையாது. வடக்கே காட்டுக்குள் ஏரி விட்டு ஏரி போவதென்றால், நடுவில் கிடக்கும் தரையைப் படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். அதற்கென்று காட்டுக்குள் பாதைகள் இருக்கின்றன. தூக்குப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். தோள் போனால் தூக்குப்பாதை போச்சு. தூக்குப்பாதை போனால் காடே போச்சு.

ஆக, இதுதான் கடைசிக் கோடை. ரெய்னோ அன்றைக்கே பழைய சிநேகிதன் வெண்டெலுக்குப் போன் போட்டான்.

"இந்த வருஷம் விட்டா எப்பவும் கிடையாதுடா."

"சத்தியமா வரேன்டா. வானம் இடிஞ்சு விழுந்தாலும் வரேன்."

வெண்டெலின் சத்தியத்தை ரெய்னோ நம்பினான். எப்போதும் நம்புகிறவன்தான். வாலிபத்தில் ஒரே ஒரு தடவை இருவரும் சேர்ந்து காட்டுக்குள் போனார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் திட்டம் மட்டும்தான். ரெய்னோ லீவு சொல்லி வைப்பான், மாவு, பன்றிக்கறி எல்லாம் வாங்கி வைப்பான், படகுக்கு வார்னிஷ் அடிப்பான். கிளம்பும் சமயத்தில் போன் வரும். ஒரு வருஷம் மகள் பட்டம் வாங்குகிறாள். ஒரு வருஷம் கூரை ஒழுகுகிறது. ஒரு வருஷம் நாய்க்கு வயிற்றில் கட்டி. முடிக்கும்போது ஒரே வசனம்தான்: "என்னடா பண்றது, வாழ்க்கை குறுக்க வந்துடுச்சு."

ஒரு வருஷம் ரெய்னோவின் அப்பா இறந்ததால் போகவில்லை. நியாயமாக அதை அவன் வெண்டெலின் பாவத்தில் சேர்க்கவில்லை. மற்றதெல்லாம் அப்படியே நெஞ்சில் இருந்தது.

இந்த முறையும் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"மாமியாருக்கு எண்பது வயசுடா. திடீர்னு பார்ட்டி வச்சுட்டாங்க. நான் போகலேன்னா பெண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"என் தோளு?"

"தெரியும்டா. எனக்கு மட்டும் வருத்தமில்லையா? என்ன பண்றது, வாழ்க்கை குறுக்க..."

ரெய்னோ போனை வைத்துவிட்டான்.

தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரெய்னோவின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுதான்: கேனோவுக்கு இரண்டு துடுப்பு, தனியாகப் போகிறவன் பிணமாகத் திரும்புவான். அதை அவன் கேள்வி கேட்டதே இல்லை.

மறுநாள் காலை, நெடுஞ்சாலை ஓரமாக இருந்த தைமியின் பட்டறைக்குப் போனான். ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடும். மேலே இறங்கினவன் கீழே போய்த்தான் ஏறுவான், அவனுடைய வண்டியோ மேலேயே நிற்கும். அந்த வண்டியைக் கீழே கொண்டுபோய் நிறுத்துவதுதான் தைமியின் தொழில். சாவியைப் பின்சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு வருவாள். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. வண்டி இருந்தால் சாவி சக்கரத்தின் மேல் இருக்கும்.

"தைமி, நாளைக்கு வண்டி விட வேணாம். கேன்சல்."

தைமி வாயில் பெர்ஷியன் பன்னோடு நிமிர்ந்தாள். உதட்டோரத்தில் அந்தப் பன்னின் ரோஸ் கிரீம் ஒட்டியிருந்தது.

"எதுக்குப்பா கேன்சல்? வெண்டெல் நேத்துத்தானே உறுதி பண்ணினான்? அதே ஆறு, அதே தேதி. உனக்குத் தோள் வலி, வரமாட்டேன்னுட்டே, அதனால அவன் முதலாளியைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னானே."

ரெய்னோ மேஜையில் கிடந்த நோட்டைத் திருப்பி, நாளைத் தேதியைப் பார்த்தான்.

"நீதானே வரலைன்னே?" என்றாள் தைமி, மெல்லுவதை நிறுத்திவிட்டு.

"அப்படியா சொன்னான்?"

அந்த ஆற்று வழி ரெய்னோ கண்டுபிடித்தது. எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்த அருவிக்கு முன்னால் இடது கரை ஒதுங்க வேண்டும், எந்தப் பாறையில் கூடாரம் போட்டால் காற்றடித்துக் கொசு வராது, எல்லாம் வயசான காட்டு வேலைக்காரர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, வாய் பார்த்துச் சேர்த்தது. அடுத்தவன் வழியை அவனைக் கேட்காமல் மூன்றாவது ஆளுக்குக் காட்டக் கூடாது. படகு தூக்குகிற எவனுக்கும் அது தெரியும். மனைவியைக் கடன் கொடுத்தாலும் கொடுப்பார்கள், வழியைக் கொடுக்கமாட்டார்கள் என்று கேலி செய்வார்கள்.

இத்தனை வருஷமாக வாழ்க்கை குறுக்கே வருகிறது என்றுதான் ரெய்னோ நினைத்திருந்தான். வாழ்க்கைக்கு மூக்கும் முழியும் இருக்கிறது, மஞ்சள் மீசை இருக்கிறது, அதற்கு வெண்டெல் என்று பேர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்கு அவன் வண்டியை யார் கொண்டு போறா?" என்று கேட்டான்.

"நான்தான். கூட ஓட்டிட்டு வர ஆளே கிடைக்கல, அதான் முழிச்சிட்டிருக்கேன்."

"நான் கொண்டு போறேன்."

"நீயா?" தைமி அவன் முகத்தை ஊன்றிப் பார்த்தாள். "யப்பா, எக்குத்தப்பா எதுவும் பண்ணிடாதே. டயர் கியர்ல கை வச்சே, என் பேரு கெட்டுப் போகும்."

"டயரை ஏன் தொடறேன்? வண்டி பத்திரமா போய்ச் சேரும்."

"சரி, திரும்பி எப்படி வருவே?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வெண்டெல் தன் பிக்கப் வண்டியைப் பட்டறையில் விட்டான். அவனையும் அவன் முதலாளியையும் தைமி தன் வேனில் மேலே கொண்டுபோய் விட்டாள். அவர்கள் போன பிறகுதான் ரெய்னோ பட்டறைக்கு வந்தான். தன் காரை அங்கே நிறுத்தினான். அதன் மேலிருந்த பழைய சிவப்புக் கேனோவை எடுத்து வெண்டெலின் பிக்கப்பில் கட்டினான். தோள் சுரீர் என்றது. இருக்கட்டும் என்று விட்டான். மரலாரிகள் போகிற மண்ரோட்டில் மூன்று மணி நேரம் ஓட்டி, ஆறு வந்து சேரும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். பின்சக்கரத்தின் மேல் சாவியை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் படகைத் தண்ணீரில் இறக்கினான்.

கரைக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு இருந்தது. அதில் கூடாரம் போட்டான். ஒற்றை ஆளாகக் கேனோ ஓட்டுவது அதுதான் முதல் தடவை. பிணமாகவெல்லாம் ஆகவில்லை. மூக்குப் பக்கம் ஒரு கல்லை வைத்து எடையைச் சரிசெய்துவிட்டால் படகு சொன்ன பேச்சு கேட்டது. இவ்வளவுதானா என்று வந்த எரிச்சலையும் வெண்டெல் பேரிலேயே எழுதினான்.

நாள் முழுக்க வசனம்தான். துடுப்புப் போடும்போது, மீன் சுத்தம் செய்யும்போது, பல் தேய்க்கும்போது. "மாமியார் சௌக்கியமா?" என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பான். ஏரியின் நடுவிலிருந்து ஒரு முக்குளிப்பான் பறவை கெக்கெக்கே என்று சிரிக்கும். "அவ்வளவு மெதுவாச் சொன்னா உறைக்காது, இல்லையா?" என்று அதனிடமே கேட்டுவிட்டு மறுபடி சொல்லுவான். மாலையில் ஏரி முழுக்கப் பொன்னாக மின்னியது. அவன் கண்ணில் பட்டது வெண்டெலின் மீசை மட்டும்தான்.

சாவியைப் பையில் வைத்திருந்தால் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து பிடுங்கிக்கொள்வார்கள். எங்கே வைப்பது என்பதற்கு ரெய்னோ அதிகம் யோசிக்கவில்லை. ஏரியின் கிழக்கு மூலையில் ஒரு தூக்குப்பாதை உண்டு. நீளமானது, பாதிக்கு மேல் சதுப்பு. அவர்கள் சேர்ந்து போன அந்த ஒரே பயணத்தில், கணுக்கால் பிசகிவிட்டது என்று வெண்டெல் நொண்டினான். படகையும் மூட்டைகளையும் மூன்று நடையாக ரெய்னோவே சுமந்தான். கடைசி நடை முடிந்து அந்தக் கோடிக்குப் போனால், வெண்டெல் பாறையில் மல்லாந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தான். கழுத்தில் கருப்பு ஈ கடித்து ரத்தம் ஒழுகிய ரெய்னோவைப் பார்த்து, "மெதுவா வாடா, என்ன அவசரம்" என்றான். சாயங்காலமே கணுக்கால் சரியாகிவிட்டது.

அந்தப் பாறைக்குப் பக்கத்து ஸ்ப்ரூஸ் மரக்கிளையில் சாவியைத் தொங்கவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்று வாயிலிருந்து பச்சைப் படகு வந்தது. முன்னால் தொப்பி போட்ட ஒரு நெட்டை மனிதர், அவர்தான் முதலாளி ஸ்டெர்லிங். பின்னால் மீசை. கரை ஏறினார்கள். மூட்டைகளை இறக்கினார்கள். வெண்டெல் பின்சக்கரத்தைத் தடவினான். அடுத்த சக்கரத்தைத் தடவினான். குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். படுத்துப் பார்த்தான். தீவில் ரெய்னோ காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அசையாத தண்ணீரின் மேல் பேச்சு அப்படியே வரும்.

"அந்தக் கிழவி தைமி சாவியைக் கையோட கொண்டு போயிட்டா போலிருக்கு சார். இந்தத் தொழில்ல எல்லாரும் ஒரு தடவை செய்யற தப்புதான்."

"வெண்டெல்!" என்று கூப்பிட்டான் ரெய்னோ. கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "மாமியார் சௌக்கியமா?"

வெண்டெல் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தீவைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல? எண்பது வயசு. கேக்கெல்லாம் வெட்டினாங்களா?"

"ரெய்னோ... நீ எங்கடா இங்க?"

"எனக்குத் தோள் வலிடா. அதான் வரல."

ஸ்டெர்லிங் தொப்பியைக் கழற்றினார். "யாரு இவரு?"

"ஃப்ரெண்டு சார். கொஞ்சம் ஒரு மாதிரி."

"இந்த வழியைக் கண்டுபிடிச்சவன் சார் நான்," என்றான் ரெய்னோ. "ரெண்டாவது அருவிக்கு மேல, தட்டைப் பாறைல தங்கினீங்களா? காத்து நல்லா வந்துச்சா?"

"நீங்களே கண்டுபிடிச்சதா இல்ல சொன்னீங்க?" என்று ஸ்டெர்லிங் வெண்டெலிடம் கேட்டார். அதற்கு வெண்டெல் சாவி எங்கேடா என்று ரெய்னோவிடம் கத்தினான்.

"நீ சாக்லேட் தின்ன பாறை ஞாபகம் இருக்கா? அதுக்குப் பக்கத்து மரத்துல தொங்குது. போய் எடுத்துக்க."

"டேய், அது முழுக்க சேறுடா!"

"அப்படியா? நீதான் அங்க சுமந்து நடந்ததே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?"

வெண்டெல் கெஞ்சினான், திட்டினான், ரெய்னோவின் அம்மா வரைக்கும் போனான். கடைசியில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கிழக்கே போனான். முன்பக்கம் எடையில்லாத படகு காற்றுக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. கல் வைக்கத் தெரியவில்லை அவனுக்கு. ரெய்னோ சொல்லவும் இல்லை.

ஸ்டெர்லிங்கைத் தீவுக்குக் கூட்டிவந்து காபி கொடுத்தான். அவர் குடித்தார்.

"எத்தனை வருஷமா திட்டம் போட்டீங்க?"

"எண்ணறதை விட்டுட்டேன் சார்."

"ம்." அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

வெண்டெல் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு கண் கருப்பு ஈ கடித்து மூடிப் போயிருந்தது. இடுப்பு வரைக்கும் சேறு. ஒரு காலில் பூட்ஸ் இல்லை. கையில் சாவி மட்டும் இருந்தது. ரெய்னோ ஸ்டெர்லிங்கைக் கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அந்தக் கோலத்தைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தான். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தான். நெஞ்சுக்குள் பனிக்கட்டி உடைந்து ஆறு கிளம்பியது போல இருந்தது.

"உங்க மாமியாருக்கு என் வாழ்த்தையும் சொல்லிடுங்க," என்றார் ஸ்டெர்லிங். வெண்டெலின் வீங்காத பாதி முகமும் தொங்கிப்போனது.

பச்சைப் படகை வண்டியில் கட்டினார்கள். ரெய்னோ தன் சிவப்புப் படகைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைக்கப் போனான்.

"என்ன பண்றே?" என்றான் வெண்டெல்.

"கட்டறேன்."

"எங்க போறதுக்கு?"

ரெய்னோவின் கை அப்படியே நின்றது. டயர், சாவி, பாறை, வசனம், எல்லாவற்றையும் யோசித்திருந்தான். ஊருக்கெல்லாம் வண்டி கொண்டுவந்து விடும் வேலைக்கு வந்தவன், தனக்கு வண்டி எது என்று யோசிக்கவில்லை. அவன் கார் தைமியின் பட்டறையில் நின்றது. திங்கட்கிழமை காலை துறைமுகத்துத் தானியக் கிடங்கில் அவனுக்கு ஷிப்ட். இங்கே போனும் எடுக்காது.

வெண்டெலுக்கும் புரிந்துவிட்டது. வீங்கின முகத்தில் சிரிப்பு கோணலாக ஏறியது.

"அடடா. உன்னை ஏத்திட்டுப் போகணும்னுதான்டா எனக்கும் ஆசை." சிவப்புப் படகை வண்டிப் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தான். "என்ன பண்றது, வாழ்க்கை குறுக்க வந்துடுச்சு."

"அட, விட்டுட்டா போறோம்?" என்றது ஸ்டெர்லிங்கின் குரல்.

"அவனுக்குக் காடுன்னா உயிர் சார்."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ரெய்னோ ஒரு கல்லை எடுத்து வீசினான். தோள்தான் வலித்தது. அப்பா வாயிலிருந்து கற்ற ஃபின்லாந்துக் கெட்ட வார்த்தைகளை எல்லாம் தீர்த்தான். தீர்ந்த பிறகு சுற்றிலும் பார்த்தான். அவசரத்தில் வெண்டெல் சாப்பாட்டு மூட்டையைக் கரையிலேயே விட்டுப் போயிருந்தான். அவிழ்த்தால் பன்றிக்கறி, வெங்காயம், சாக்லேட், அடியில் முதலாளியின் விஸ்கி.

தைமி அடுத்த கூட்டத்தின் வண்டியைக் கொண்டுவர வியாழக்கிழமை ஆகும். அதுவரைக்கும் வேலை அவனைக் கூப்பிட முடியாது. போன் கூப்பிட முடியாது. எவனும் எதையும் குறுக்கே போட முடியாது.

மறுநாள் காலை, கிடங்கில் சங்கு ஊதும் நேரத்துக்கு, ரெய்னோ கிழக்கு மூலையில் கரை ஏறிப் படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்தான். எலும்புக்குள் ஆணி இறங்கினது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். சதுப்பின் நடுவில் வெண்டெலின் பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. படகை இறக்காமலே குனிந்து, அதைப் பிடுங்கி, வாரைப் பல்லால் கவ்விக்கொண்டான்.

அந்தக் கோடியில் அதே ஸ்ப்ரூஸ் கிளையில், சாவி தொங்கின இடத்தில், பூட்ஸை இறுக்கிக் கட்டினான். மழையும் பனியும் பட்டு வருஷக்கணக்காகத் தொங்கட்டும். போகிறவன் வருகிறவன் எல்லாம் இது யாருடையது என்று கேட்கட்டும். தைமி சொல்லுவாள்.

படகின் மூக்கில் ஒரு கல்லை வைத்தான். சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து ஏரியில் இறங்கினான்.