மாஸ்டரின் உள்ளங்கை

என் வீட்டுக்காரர் வெளியில திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றாருன்னு நான் முடிவே கட்டிட்டேன்.

பின்ன என்னங்க? மூணு மாசமா வீட்டுல உப்பை அளந்து அளந்து போடறேன். பொரிச்ச ஐட்டம் ஒண்ணு கிடையாது. காலையில பழம், மத்தியானத்துக்கு நான் கட்டிக் கொடுக்கற காய்கறி டப்பா. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா பிரஷர் நூத்தியறுபதை விட்டு இறங்க மாட்டேங்குது. போன தடவை டாக்டரம்மா என்னைத்தான் முறைச்சாங்க. "மாத்திரை தவறாம போடறாரு. அப்புறம் இவ்வளவு உப்பு எங்கேயிருந்து வருது?" எனக்கு மானமே போச்சு.

"சத்தியமா வெளியில ஒரு வாய் சாப்பிடலடி"ன்னாரு வீட்டுக்கு வந்ததும். "உன் சாப்பாட்டைத்தான் திங்கறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?"

நக்கலைப் பாருங்க. இவரோட அண்ணனும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. ஐம்பத்திரண்டு வயசுல, வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போதே சாஞ்சவரு எழுந்திரிக்கவே இல்ல. இவருக்கு அடுத்த மாசம் ஐம்பத்திரண்டு. தினமும் காலையில இவர் செருப்பு போடறப்போ நான் பக்கத்துலயே நிப்பேன். ஏன்னு அவர் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

ஒரு நாள் மாத்திரையை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டு நேரா அவர் வேலை பாக்கற ஃபேக்டரி கேன்டீனுக்கே போயிட்டேன். நானூறு பேருக்குச் சமைக்கற இடம். அங்கே இவர்தான் சமையல் மாஸ்டர். இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சிரணும்னு கதவோரமா நின்னேன்.

மனுஷன் ஒண்ணும் சாப்பிடல. ஒரு அண்டாவுலேர்ந்து இன்னொரு அண்டாவுக்குப் போனாரு. கரண்டியால கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில ஊத்தினாரு, சர்ருன்னு உறிஞ்சினாரு, ஒரு பிடி உப்பைப் போட்டாரு. திரும்ப உள்ளங்கை, திரும்ப சர்ரு. சூப்பு, பருப்பு, மீன் குழம்பு. அரை மணி நேரத்துல பதினேழு தடவை! எண்ணின எனக்குத் தலையே சுத்திருச்சு.

"என்னங்க இது!"ன்னு கத்திட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினாரு. "எது?"

"இப்போ உறிஞ்சினீங்களே, அது!"

"ருசி பாத்தேன்."

"வாய்க்குள்ளதானே போச்சு?"

"அது... அது சாப்பாட்டுல சேருமா?" நிஜமாவே கேட்டாரு. முப்பது வருஷமா அந்தக் கையில ஊத்தினது எதையும் அவர் சாப்பாடுன்னு நினைச்சதே இல்ல. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

பாத்திரம் கழுவற அக்கா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. "இனிமே நான் ருசி பாக்கறேன் தம்பி. எனக்குப் பிரஷரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"நாக்கை வாடகைக்கு எடுத்தா நான் என்ன மாஸ்டர்?" மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு.

"உயிரோட இருக்கற மாஸ்டர்!"னேன். "உங்க அண்ணன் மாதிரி நீங்களும் வாசல்ல விழுந்தா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?" எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன். வெட்கமாத்தான் இருந்துச்சு.

மறுநாளே கைக்கணக்கை விட்டுட்டு, தராசுல உப்பை நிறுத்துப் போட ஆரம்பிச்சாரு. அக்கா ருசி பாத்தாங்க. கடைசியா இவர் நுனி நாக்குல ஒரே ஒரு தடவை. முதல் வாரம் சாப்பிட வந்தவங்க உப்பு பத்தலன்னு முணுமுணுத்தாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. சாயங்காலம் ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே பஸ்ஸை விட்டு இறங்குவாரு, நான் அங்கே போய் நிப்பேன். ரெண்டு பேரும் வாயாடிக்கிட்டே நடந்து வருவோம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு பிறந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சுப் பிரஷர் நூத்திமுப்பத்தாறு. "மாத்திரையை நிறுத்திடாதீங்க. இப்படியே போங்க"ன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க.

அன்னிக்குச் சந்தோஷத்துல அவருக்குப் பிடிச்ச மீனை வாங்கி, எப்பவும் போடற அதே அரை ஸ்பூன் உப்பு போட்டு வேக வெச்சேன். ஒரு வாய் வெச்சாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு.

"என்ன?"

"தப்பா நினைச்சுக்காதே. இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

நான் தட்டை அப்படியே வெச்சுட்டு அடுப்படிக்கு ஓடிட்டேன். "ஏய், கோவமா?"ன்னு பின்னாடியே வந்தாரு. கோவமாம் கோவம். முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டிருந்தேன் நான். மறுநாள் காலையில அவர் செருப்பு மாட்டறப்போ நான் உள்ளே படுக்கையை மடிச்சுக்கிட்டிருந்தேன்.