இரண்டாம் பதிவேடு, பக்கம் 212

1851 நவம்பர் 10ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலம் கோல்டர் கவுண்டி நீதிமன்றத்தில் ஏமஸ் காடிஸ் என்ற பருத்தி விவசாயியின் உயில் மெய்ப்பிக்கப்பட்டு, இரண்டாம் உயில் பதிவேட்டின் 212ஆம் பக்கத்தில் படியெடுத்து எழுதப்பட்டது.

2019ஆம் ஆண்டு நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக, பழைய புரூயிட் பண்ணையில் இருந்த பத்தொன்பது அடிமைக் கல்லறைகளை அகற்றப்போவதாக அதே கவுண்டியின் நிர்வாகம் அறிவித்தது. வாரிசுகள் எவரேனும் உறவை ஆவணத்தோடு காட்டினால், எலும்புகளை அவர்கள் சொல்லும் இடத்தில் கவுண்டியே தன் செலவில் அடக்கம் செய்யும். யாரும் வராதவற்றுக்கு எண் போட்டுப் பொதுக் கல்லறையின் பின்வரிசையில் வைத்துவிடுவார்கள். கடைசி நாள் செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி.

பத்தொன்பதில் ஒரு கல்லில்தான் பெயர் இருந்தது. முழங்கால் உயரக் காட்டுக்கல்லில் ஆணியால் கீறிய எழுத்துகள்: ஹெஸ்டர். கவுண்டி அதற்குப் பதினான்கு என்று எண் கொடுத்திருந்தது.

வெர்னெட்டா புரூயிட்டுக்கு அறுபத்திரண்டு வயது. ஒஹையோ மாநிலம் டொலீடோவின் அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவள். அந்தக் கல் தன் கொள்ளுத்தாத்தா ரூபனின் தாயுடையது என்று அவள் அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லியிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆகஸ்டில் குடும்பம் முழுவதும் ஜார்ஜியாவில் கூடும்போது, நாற்பது ஐம்பது பேர் ஒரே நிறச் சட்டையோடு போய்ப் புல் பிடுங்கி, கல்லைக் கழுவிவிட்டு வருவார்கள். அப்படிச் சொன்ன வார்த்தையைத் தவிர அவர்களிடம் காகிதம் எதுவும் இல்லை.

அடிமையாக இருந்தவர்கள் உயில் எழுதியதில்லை. அவர்களைத் தேடுகிறவர்கள் சொந்தக்காரனின் உயிலில்தான் தேட வேண்டும். நிலத்துக்கும் மாட்டுக்கும் நடுவில் பெயர் இருக்கும். வெர்னெட்டா ஆறு வருடமாகப் புரூயிட் என்ற பெயரில் தேடிக்கொண்டிருந்தாள். குடும்பத்தின் பெயர் புரூயிட், பண்ணையின் பெயரும் புரூயிட். சைலஸ் புரூயிட்டின் உயில் 1871இல் எழுதப்பட்டது. அதற்கு ஆறு வருடம் முன்பே எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். அந்த உயிலில் மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் நாளாக, அவள் ஆவண அறைக்குள் நுழைந்தாள். பொறுப்பில் இருந்தவள் ஜொனெல். சின்னக் கவுண்டி என்பதால் ஆவண அறை, உயில் மெய்ப்பிக்கும் கவுன்ட்டர், கல்லறை விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான்.

"மறுபடியும் புரூயிட் பெட்டிதானா, மிஸ் வெர்னெட்டா?"

"வேற எதைக் கேக்கிறது?"

"நேத்து நீங்க வச்சது வச்ச மாதிரியே இருக்கு. ஒரு ராத்திரில புதுசா எதுவும் முளைச்சிருக்காது. பேனாவை உள்ள வைங்க, பென்சில்தான்."

மேசையின் மறுகோடியில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் தலை நிமிர்ந்தார். பெயர் ஹோயட் காடிஸ். மூன்று நாளாகக் காலை வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். முன்னோர் வழியை நிரூபித்தால் சேர்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்றில் சேருவதற்காக அவரும் தேடிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சைலஸ் புரூயிட்டையா தேடுறீங்க?"

"ஆமா."

"அவன் எங்க வீட்டு மாப்பிள்ளை. அந்தப் பண்ணையே எங்க ஏமஸ் காடிஸ் பொண்ணுக்கு எழுதி வச்சது. சைலஸ் வந்தப்போ அவன்கிட்ட இருந்தது ஒரு கோவேறு கழுதை. அதுவும் இரவல்னு எங்க வீட்ல சொல்லுவாங்க."

ஜொனெல் சிரித்தாள். வெர்னெட்டா அகரவரிசைப் பட்டியலை எடுத்து, காடிஸ் என்ற பெயருக்குப் போனாள். இரண்டாம் பதிவேடு, பக்கம் 212.

எழுத்தரின் கை தெளிவாக இருந்தது. மூன்றாவதாக, என் மகள் மார்த்தாவுக்கும் அவள் கணவர் சைலஸ் புரூயிட்டுக்கும் ஆற்றங்கரை நிலமும், ஹெஸ்டரின் பிள்ளை ரூபன் என்ற நான்கு வயதுப் பையனும். நான்காவதாக, என் மகள் லூயிசாவுக்கு ஹெஸ்டர் என்ற பெண்ணும், இனி அவள் ஈனும் பெருக்கமும். ஐந்தாவதாக, இரண்டு குதிரைகள்.

ஆறு வருடமாகத் தேடிய வரி. அவள் அதை மூன்று முறை படித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து, கைப்பையில் காகிதக் கைக்குட்டைகள் வைத்திருந்தாள். வரவில்லை. அறையில் குளிர்சாதனம் அதிகமாக இருந்தது. மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"கெடச்சிடுச்சு," என்றாள்.

ஜொனெல் வந்து எட்டிப் பார்த்தாள். ரூபன் என்ற பெயரின் கீழே, தாளைத் தொடாமல், விரலை ஓட்டினாள். "இது போதும். தாய் பேரும் பிள்ளை பேரும் ஒரே வரியில. இதோட உங்க அப்பா, தாத்தா பிறப்புச் சான்றைச் சேர்த்தா வேற ஒண்ணும் வேண்டாம்."

"லூயிசா பேரு வருதா?" என்றார் ஹோயட். "அவளைத்தான் தேடுறேன். கல்யாணத்துக்கு அப்புறம் எங்க போனான்னே தெரியல. இருபது வருஷமா மிசிசிப்பில தேடுறேன்."

"பதிவேட்டுல உயில் மட்டும்தான் இருக்கும்," என்றாள் ஜொனெல். "பாகம் பிரிச்ச கணக்கு தனிக் கட்டுல இருக்கும். கொண்டு வரட்டா?"

மூன்றாக மடித்து நாடாவால் கட்டிய காகிதங்கள் வந்தன. ஹோயட்டின் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து சட்டென்று பிடிபடவில்லை. வெர்னெட்டா படித்துச் சொன்னாள். உயிலை நிறைவேற்றியவர் எழுதிய கடைசிக் கணக்கு.

"1852 ஜனவரி. லூயிசாவோட கணவர் தன் பாகத்தை வாங்கிக்கிட்டாரு. ஹெஸ்டரையும் அவ கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு அலபாமாவுக்குக் கெளம்பிட்டாரு."

"அலபாமாவா," என்றார் ஹோயட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அலபாமா. இத்தனை வருஷம் ஒரு மாநிலம் தள்ளித் தேடிட்டிருந்திருக்கேன் பாருங்க. ரொம்ப நன்றிம்மா. எங்க வீட்டுக்காரி இருந்திருந்தா இன்னிக்கு ஒரு கேக்கு சுட்டிருப்பா."

"சந்தோஷம்," என்றாள் வெர்னெட்டா.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை வாய்விட்டுப் படிக்கவில்லை. கிழவி ஹெஸ்டர், எழுபது வயது, விலை இல்லை, ஆற்றங்கரைப் பண்ணையிலேயே வைக்கப்பட்டாள். 1853 ஜூன், கிழவி ஹெஸ்டருக்குச் சவப்பெட்டி, இரண்டு டாலர்.

உயில் பக்கத்துக்கும் இந்தக் கணக்குப் பக்கத்துக்கும் படி கேட்டாள். ஜொனெல் எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தாள். பக்கத்துக்கு ஐம்பது சென்ட்.

வெளியே, தம்பி ஆல்ஃபியஸ் மர நிழலில் காரை நிறுத்திவிட்டு, வேகவைத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தான். ஓடுகளைப் போட ஒரு காகிதக் கோப்பை.

"என்னக்கா, மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் தெரியலயே. கெடச்சுதா இல்லயா?"

தாள்களைக் கொடுத்தாள். முதல் தாளைப் படித்து அவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். இரண்டாம் தாளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலையை உரித்தான், தின்னவில்லை.

"அப்போ ஹெஸ்டர் அங்க இல்ல."

"இல்ல. அவளை அலபாமாவுக்குக் கொண்டு போயிட்டாங்க. ரூபனுக்கு அப்போ நாலு வயசு."

"இத்தனை வருஷமா நாம யாரு கல்லைக் கழுவிட்டிருந்தோம்?"

"கிழவி ஹெஸ்டர் கல்லை."

"அவ யாரு?"

"எழுதல."

"ரூபன்தானே சொன்னாரு, எங்கம்மா கல்லுன்னு?"

"நாலு வயசுல அம்மா பேரு மட்டும் மனசுல நின்னிருக்கும். அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டப்போ கல்லுல அந்தப் பேரு இருந்துச்சு."

ஆல்ஃபியஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கிழவி அவளோட அம்மாவா இருக்கலாம்ல? நம்ம வீட்டையே எடுத்துக்கோ. அத்தை பேரு ஹெஸ்டர், அத்தை பொண்ணு பேரு ஹெஸ்டர். பேரு அப்படித்தானே எறங்கி வரும்."

"இருக்கலாம்."

"ஃபாரத்துல 'இருக்கலாம்'னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்போ முதல் தாளை மட்டும் குடு. நீ சொன்ன அந்தக் காடிஸ் கிழவர் ஒருவேளை நமக்கு ரத்தச் சொந்தமாவும் இருப்பாரு, அதை யாரு எழுதி வச்சிருக்கா?"

"அதையும் எழுதல."

"கேலி பண்ணலக்கா. கேக்கிறேன். இந்த ரெண்டாவது தாளைக் குடுத்தா என்ன ஆகும்?"

"பதினாலுக்கு ஆள் இல்லன்னு ஆகும். நம்பர் போட்டுப் பின்வரிசையில வச்சிடுவாங்க."

அவன் சாலையைப் பார்த்தான். "தபால்ல விலாசம் கிழிஞ்சு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அட்லாண்டாவுக்கு அனுப்பிடுவோம். அங்க ஒரு கெடங்கு இருக்கு. பிரிச்சுப் பாப்பாங்க."

"யாருன்னு தெரியலன்னா?"

"கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க. அப்புறம் அழிச்சிடுவாங்க."

மணி மூன்றே முக்கால். வெர்னெட்டா மடியில் பையை வைத்து, அதன்மேல் விண்ணப்பத்தை நிரப்பினாள். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் ஹெஸ்டர். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ரூபனின் தாய் என்றால் தனக்கு எள்ளுப்பாட்டி. கிழவி ரூபனின் தாய்க்குத் தாயாக இருந்தால் அதற்கு மேல் ஒரு தலைமுறை. அந்த உறவுக்கு ஒரு சொல் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எள்ளுப்பாட்டி என்று எழுதினாள். கீழே, மேற்கண்டவை உண்மை என்ற வாசகத்தின் அடியில் கையெழுத்திட்டாள். இரண்டாம் தாளை மடித்துக் காரின் முன்பெட்டியில் காப்பீட்டுச் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

கவுன்ட்டரில் ஜொனெல் தாள்களை எண்ணினாள். பிறப்புச் சான்றுகள் இரண்டு, விண்ணப்பம், பக்கம் 212. மறுபடி எண்ணினாள்.

"ரெண்டு பக்கம் படி எடுத்தீங்களே, மிஸ் வெர்னெட்டா."

"ஆமா."

"இதுல ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதான்."

ஜொனெலுக்குப் பின்னால் ஆவண அறையில், நாடா அவிழ்ந்த கட்டு இன்னும் மேசையில்தான் இருந்தது. ஹோயட் காடிஸ் அதில் வெர்னெட்டா படி எடுத்த அதே பக்கத்தை உருப்பெருக்கியால் மெல்லப் படித்துக்கொண்டிருந்தார், லூயிசாவின் வரியில். ஜொனெல் அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, விண்ணப்பத்தின் மூலையில் நேரத்தை எழுதினாள்: 4.10. முத்திரை குத்தினாள்.

"எந்தக் கல்லறைத் தோட்டம்?"

"மவுண்ட் நீபோ சர்ச். எங்க அப்பா அங்கதான் இருக்காரு."

"பக்கத்துல எடம் இருக்கா?"

"எனக்குன்னு வாங்கி வச்ச எடம் ஒண்ணு இருக்கு."

ஜொனெல் அதையும் எழுதிக்கொண்டாள். "மழை இல்லன்னா ரெண்டு வாரத்துக்குள்ள கூப்பிடுவாங்க," என்றாள்.

அக்டோபர் 9, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதினான்காம் எண் கல்லறையில் இருந்தவை மவுண்ட் நீபோ தேவாலயத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. வெர்னெட்டாவும் ஆல்ஃபியஸும் ஒரு போதகரும் உடனிருந்தார்கள். பழைய கல்லையே நட்டார்கள். மற்ற பதினெட்டும் எண்களோடு பொதுக் கல்லறையின் பின்வரிசைக்குப் போயின. கவுண்டிப் பதிவேட்டில் பதினான்காம் எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது: ஹெஸ்டர். உறவு, எள்ளுப்பாட்டி. ஆதாரம், இரண்டாம் உயில் பதிவேடு, பக்கம் 212.