எங்களுக்கு அவசரமில்லை

ஏட்ரியன் ஹெப்வொர்த் ஒரு வேலை நாளில் ஏழு பேரை அழவைக்கக் கூடியவன். கார் ஓட்டுவதற்குத் தேர்வு நடத்தும் அதிகாரி. பக்கத்து இருக்கையில் நாற்பது நிமிஷம் மரக்கட்டையாக உட்கார்ந்திருப்பான். கடைசியில், "மன்னிக்கணும், நீங்க தேர்ச்சி பெறல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவான். ஆனால் அந்தப் பளபளக்கும் மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டால், முடி வெட்டுகிறவரிடம் "காதுப் பக்கம் கொஞ்சம் குறைங்க" என்று கேட்கக்கூட அவனுக்கு வாய் வராது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேர் இன்னும் மோசம்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு அவன் லீவு போட்டுவிட்டு, வாடகை வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஃபோனை முறைத்துக்கொண்டிருந்தான். 'உடையும்' என்று எழுதியிருந்த பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். கெட்டில் மட்டும் வெளியே இருந்தது. வீடு மாறுகிறவர்கள் கெட்டிலைத்தான் கடைசியாகக் கட்டுவார்கள். இவர்களுடைய கெட்டில் ஆறு வாரமாகக் கடைசியாகவே இருந்தது.

மாலை ஐந்து மணிக்குள் வீடு வாங்கும் ஒப்பந்தம் கைமாறியாக வேண்டும். இல்லையென்றால் கடன் தருவதாக வங்கி எழுதிக் கொடுத்த கடிதம் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் வட்டி ஏறிப்போயிருந்தது. இன்றைய வட்டிக்கு இவன் சம்பளத்தையும் மனைவி டாம்சினின் நூலகச் சம்பளத்தையும் சேர்த்தாலும் நாய்க்கூண்டுதான் கிடைக்கும், அதுவும் நாய் ஜாமீன் போட்டால். இந்த வாடகை வீட்டையோ வீட்டுக்காரர் அடுத்த மாதத்துக்கு வேறு ஆளிடம் பேசி முடித்திருந்தார்.

மூன்று வீடுகளின் சங்கிலி இது. அடியில் இவர்கள். லிஸ்டர் தெரு வீட்டை இவர்களுக்கு விற்கிறவர் ஆர்மராட். அவர் குடிபோகப்போவது திருமதி த்ரெல்ஃபாலின் மாடியில்லாத சின்ன வீட்டுக்கு. த்ரெல்ஃபால் அம்மா போவது கடற்கரையோரம் காலியாகக் கிடக்கும் ஒரு ஃபிளாட்டுக்கு. எல்லோரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டும். அந்த நாள் எது என்று தெரிந்தால்தான் ஒப்பந்தம் மாறும். அதுதான் தெரியவில்லை.

வக்கீல் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். "எதிர்த்தரப்பு தேதி சொன்னா நாங்க ரெடி சார்" என்றார்கள். வீட்டுத் தரகர் மொய்ராவுக்குப் போட்டான்.

"ஆர்மராட் சாருக்கு ஒண்ணும் அவசரமில்லையாம். உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்பன்னு சொல்லிட்டாரு. தங்கமான மனுஷன் சார்!"

"தங்கம்தான்" என்றான் ஏட்ரியன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க. ரொம்ப நன்றி."

டாம்சின் டேப் சுருளோடு வாசலில் நின்றாள். "நன்றியா? எதுக்கு நன்றி?"

"சும்மா ஒரு மரியாதைக்கு."

"ஏட், ஒண்ணு கேக்கறேன். நாம என்ன தேதி கொடுத்தோம்?"

ஏட்ரியன் கெட்டிலைப் பார்த்தான்.

"படிவத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. 'விரும்பும் தேதி'ன்னு."

"அதுல என்ன எழுதின?"

"'எங்களுக்கு அவசரமில்லை. மற்றவர்களுக்கு எது சௌகரியமோ அது.'"

டாம்சின் கண்ணை மூடித் திறந்தாள். "பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி ஏதாவது போட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு. சின்னதா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கெட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டினாள், துடைத்தாள், பெட்டிக்குள் வைத்தாள், மேலே டேப்பைச் சரக்கென்று இழுத்து ஒட்டினாள்.

"போ. அந்த மனுஷன நேர்ல பாத்து ஒரு தேதி வாங்கிட்டு வா."

"நேரா போறது நல்லாருக்காது டாம்ஸ். எல்லாம் வக்கீல் மூலமாத்தான்..."

"அஞ்சு மணிக்கு மேல எதுவுமே நல்லாருக்காது."

லிஸ்டர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றைத் தாண்டிவிட்டது. ஆர்மராட் கதவைத் திறந்தார். நெடுநெடுவென்ற ஆள், எதிரே நிற்பவர் மேல் இடித்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர் போலக் கொஞ்சம் கூனி நிற்பார்.

"அட, வாங்க தம்பி! டீ சாப்பிடறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லலாம். சட்டத்தில் தடையில்லை. ஆனால் அந்த ஊரில் அப்படிச் சொன்ன ஆளை ஏட்ரியன் இன்னும் பார்த்ததில்லை.

டீ வந்தது. பேச்சும் வந்தது. மழை. தோட்டத்து வேலி. பச்சைக் குப்பைத் தொட்டியைச் செவ்வாய்க்கிழமை எடுப்பார்களா, புதன்கிழமையா என்பது. ஏட்ரியன் மூன்று முறை வாயைத் திறந்தான். மூன்று முறையும் வெளியே வந்தது குப்பைத் தொட்டிதான். சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மரியாதையில்லை. மேஜைக்கு அடியில் கையைக் கொண்டுபோய்த் திருட்டுத்தனமாகப் பார்த்தான். மூன்று இருபத்தேழு.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இருந்த ஒரே கோப்பையில் டீயை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஆர்மராட் மாவு அளக்கும் குவளையில் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகள். தொட்டியோரம், கழுவிக் காயவைத்த ஒரு காகிதத் தட்டு.

காகிதத் தட்டைக் கழுவி வைக்கிற மனுஷனுக்கு அவசரமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார் ஆர்மராட் திடீரென்று. கண்ணைச் சுருக்கினார். "எங்க ரொவீனாவ மூணு தடவ ஃபெயில் பண்ணினது நீங்கதானே?"

ஏட்ரியன் கோப்பையைக் கீழே வைத்தான். ஒப்பந்தம் மாறாதவரை இந்த மனுஷன் ஒரு காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். இப்போது காரணமே கையில் இருக்கிறது.

"மூணாவது தடவ... ரவுண்டானாவ அவங்க எதிர்ப்பக்கமா சுத்தினாங்க."

"தெரியும். பஸ்ஸுக்குள்ள உக்காந்து நான்தான் பாத்தேனே. உங்க மூஞ்சியையும்தான்." ஆர்மராட் குவளையை மெல்லக் கீழே வைத்தார். "அழுதுகிட்டே வந்தா. ஆனா ஒண்ணு சொன்னா. 'அப்பா, அந்தாளு சுத்தி வளைக்கல, நேரா மூஞ்சியப் பாத்து சொல்லிட்டான்'னு. நாலாவது தடவ பாஸ் பண்ணிட்டா." சற்று நிறுத்தினார். "நேரா சொல்ற ஆளு, இருபது நிமிஷமா என்கூட குப்பைத் தொட்டியப் பத்திப் பேசிட்டிருக்கீங்க. எதுக்குத் தம்பி வந்தீங்க?"

ஏட்ரியன் முதுகை நிமிர்த்தினான். கைகளை முழங்கால் மேல் வைத்தான். மஞ்சள் சட்டை இல்லாமலே அந்தத் தேர்வு அதிகாரியின் குரல் வந்தது.

"ஆர்மராட் சார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒப்பந்தம் மாறலன்னா இந்த வீடு எங்களுக்கு இல்ல. எங்களுக்கு அவசரம். இருபத்திநாலாம் தேதி வேணும்."

"அவசரமா?" ஆர்மராட் எழுந்தே விட்டார். "நீங்கதானேய்யா அவசரமில்லன்னு எழுதிக் கொடுத்தீங்க! சின்னஞ்சிறுசுக, மெதுவா வரட்டும், நாம நெருக்கக் கூடாதுன்னு நானும் அதையே மேல சொல்லிவிட்டேன். மூணு வாரமா நான் ஒரே தட்டுல சாப்பிட்டிட்டிருக்கேன்!"

அவர் தன் வக்கீலைக் கூப்பிட்டு இருபத்திநாலு என்று சொல்லிவிட்டார். ஆனால் மேலே இருக்கும் த்ரெல்ஃபால் அம்மா சொல்லாமல் எதுவும் நகராது. த்ரெல்ஃபால் வீட்டு எண்ணுக்குப் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் காரில் ஏறினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி சாலையை மறித்து நின்றாள்; குழந்தைகள் கடந்தன, ஒரு கையுறை விழுந்தது, கையுறைக்காக ஒரு குழந்தை திரும்பி வந்தது. ஏட்ரியன் ஸ்டியரிங்கைப் பிழிந்தான். வழி கிடைத்ததும் மிதித்தான்.

"இருபது மைல் வேகத்துல போற ரோடு இது" என்றார் ஆர்மராட் முன்னால் பார்த்தபடியே. "இருபத்திமூணுல போறீங்க."

"தெரியும் சார்."

"எங்க ரொவீனாவா இருந்தா..."

"ஃபெயில் பண்ணியிருப்பேன் சார்."

திருமதி த்ரெல்ஃபால், எண்பத்தொரு வயது, தன் வீட்டுக் கூடத்தில் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த பெட்டிகளுக்குள்ளே எங்கேயோ ஃபோன் அடித்து ஓய்ந்திருந்தது.

"நீங்கதான் அடிச்சதா? அதுவும் நேத்து கட்டினதோட போயிடுச்சு கண்ணு. மத்ததெல்லாம் ஈஸ்டர்லயே கட்டியாச்சு."

"ஈஸ்டர்லயேவா?" என்றார் ஆர்மராட். "அப்புறம் ஏம்மா அவசரமில்லன்னு சொல்லிவிட்டீங்க?"

"நீங்கதான் ஆறஅமர வரணும்னு சொன்னீங்களாம். கீழ இருக்கிற சின்னப் பசங்களும் அப்படியேன்னாங்க. வயசானவ நான் போயி எல்லாரையும் முடுக்கினா நல்லாவா இருக்கும்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வீடு நிறையப் பெட்டி கட்டிவைத்துவிட்டு, மூன்று பேரும் அடுத்தவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்கள். உள்ளே போகத்தான் ஆளில்லை.

ஏட்ரியனின் ஃபோனில் அந்த அம்மாவின் வக்கீலைப் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்று சொல்லக்கூடாது. காத்திருக்கச் சொல்லி ஃபோனில் ஒரு பியானோ ஒலித்துக்கொண்டே இருந்தது. நாலேகால். நாலு இருபது. பியானோ நின்றது, உயிர் வந்தது, மறுபடி பியானோ. நாலு இருபத்தெட்டுக்கு ஒரு குரல் வந்தது.

"திருமதி த்ரெல்ஃபால், இருபத்திநாலாம் தேதின்னு பேச்சு வந்திருக்கு. உங்களுக்குச் சரியா? இல்ல, கொஞ்சம் சீக்கிரமா இருக்கா?"

அவள் முகத்தில் அந்தப் புன்னகை மலர்வதை ஏட்ரியன் பார்த்தான். எண்பத்தொரு வருஷப் பழக்கம்.

"எனக்கென்னப்பா, மத்தவங்களுக்கு எது சௌக..."

தேர்வில், கார் போய்க்கொண்டிருக்கும்போது அதிகாரி திடீரென்று கையை உயர்த்துவார். அந்த நொடியே பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். ஏட்ரியனின் வலது கை தானாக உயர்ந்தது.

"நில்லுங்க!"

த்ரெல்ஃபால் அம்மாவின் வாய் பாதிச் சொல்லில் நின்றது.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "இருபத்திநாலு" என்றாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறை கெட்ட வார்த்தை பேசுகிறவள் போலக் குரலைத் தாழ்த்தி, "எனக்கு வேணும்" என்றாள்.

இனி வக்கீல்கள் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நாலு முப்பத்தொன்பதுக்கு ஆர்மராடின் வக்கீல் சரி என்றார். நாலு நாற்பத்தாறுக்கு ஏட்ரியன் தன் வக்கீல் அலுவலகத்தைக் கூப்பிட்டான்.

"அவர் கிளம்பிட்டார்னு நெனக்கிறேன் சார். வெள்ளிக்கிழமையில்லையா."

வழக்கமாக இந்த இடத்தில் அவன், "ஐயோ பரவாயில்லை" என்பான். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "மாடிப்படியில ஓடிப்போய்ப் பாருங்க. கார் நிறுத்தற இடத்துலயும் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. ஒரு கதவு. ஆர்மராட் தொப்பியில்லாத தலையைத் தடவினார். த்ரெல்ஃபால் அம்மா ஏட்ரியனின் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பிறகு யாரோ மூச்சிரைக்கும் குரலில், "ஹெப்வொர்த்தா? சரி, பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சரி என்றால் எந்தச் சரி என்று கேட்பதற்குள் ஃபோன் செத்திருந்தது.

நாலு ஐம்பத்தொன்று. ஐம்பத்திமூன்று. யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு அடித்தது. "ஒப்பந்தம் கைமாறியாச்சு சார், நாலு ஐம்பத்தஞ்சுக்கு. வங்கிக்கும் சொல்லியாச்சு. இருபத்திநாலு உறுதி."

ஆர்மராட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். "ரொவீனா நம்ப மாட்டா" என்றார் சுவரிடம்.

ஏட்ரியன் வாசலுக்கு வந்து டாம்சினைக் கூப்பிட்டான். சொன்னான். அந்தப் பக்கம் டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

"கெட்டில வெளிய எடுக்கறேன்" என்றாள் அவள், குரல் ஒரு மாதிரியாக. "நீ வந்தப்புறம் டீ போடட்டுமா? இல்ல, வர நேரமாகுமா?"

"உனக்கு எது..." என்று தொடங்கியவன், தன் கையைத் தானே உயர்த்தி நிறுத்திக்கொண்டான்.

"இப்பவே போடு. வந்துட்டே இருக்கேன்."